திடீர்ச் செலவு வந்து நிற்கிறது: மானியமா, கடனா, கால அவகாசமா?

குளிர்பதன இயந்திரம் வெள்ளிக்கிழமை மாலை நின்றுபோகிறது. அல்லது மின்கட்டணம் ஒரே சுற்றில் இரட்டிப்பாகிறது. அல்லது வெள்ளம் வந்து சரக்கை நனைத்துவிட்டுப் போகிறது. மறுநாள் காலை சிறுதொழில் நடத்துபவர் கேட்கும் முதல் கேள்வி, "அரசு இதற்கு ஏதாவது தருகிறதா?" என்பதுதான். தேடினால் பத்துப் பதினைந்து திட்டங்களின் பெயர்கள் வந்து விழும். பெயரை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆட்சி மாறினால் பெயரும் மாறும். ஆனால் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் பெயருக்கு அடியில் இருக்கும் உதவி பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்: திருப்பித் தர வேண்டாத மானியம், அரசே தரும் கடன், வங்கி தந்து அரசு பொறுப்பேற்கும் உத்தரவாதக் கடன், வரிக்கும் தவணைக்கும் கால அவகாசம், சம்பளத்துக்கான உதவி.

இந்த ஐந்தையும் உலகம் ஒரே நேரத்தில் இறக்கிப் பார்த்தது 2020-ல். அதனால் கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. அவற்றில் பல இப்போது மூடப்பட்டுவிட்டன. இங்கே பார்க்க வேண்டியது அவை நடந்த விதத்தை. அந்த விதம் அடுத்த திட்டத்திலும் அப்படியே திரும்ப வரும்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலோர் வட்டி விகிதத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. என் வரிசை வேறு.

முதலில், பணம் கையில் விழும் நாள் எது, பில் கட்ட வேண்டிய நாள் எது? விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாள் வேறு, கணக்கில் பணம் ஏறும் நாள் வேறு. இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தால், அந்த மூன்று மாதத்தைக் கைமாற்று வாங்கிச் சமாளிக்கும் செலவும் திட்டத்தின் விலையில் சேர்த்திதான்.

இரண்டாவது, இந்தச் செலவு ஒருமுறையோடு போகுமா, இனி மாதாமாதம் வருமா? இயந்திரம் பழுதானது ஒருமுறை. கட்டணம் உயர்ந்தது மாதாமாதம். ஒருமுறைச் செலவைக் கடனாக்கி மூன்று வருடத்தில் பரப்பிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. மாதாமாதம் வரும் செலவைக் கடன் வாங்கிக் கட்டினால் செலவும் நிற்காது, அதோடு தவணையும் சேர்ந்துகொள்ளும். பாதி முடிவு இந்தக் கேள்வியிலேயே ஆகிவிடும்.

மூன்றாவது, தகுதியைக் காட்டும் காகிதம் இப்போதே கையில் இருக்கிறதா? தொழில் பதிவு, கடந்த ஆண்டு வரிக் கணக்கு, சம்பளப் பட்டியல், வங்கிப் பரிமாற்றம். சிக்கல் வந்த பிறகு உருவாக்கும் காகிதத்தை எந்த அதிகாரியும் நம்புவதில்லை. பல திட்டங்களில் தகுதிக்கான தேதியே சிக்கல் வருவதற்கு முந்தைய ஒரு நாளாக வைக்கப்பட்டிருக்கும்.

நான்காவது, வாங்கிய பிறகு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும்? பிணை, ஜாமீன் கையெழுத்து, தணிக்கை, "திருப்பிக் கொடு" என்று பின்னால் வரும் கடிதம். இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் வட்டி.

## மானியம்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தவறில்லை. ஆனால் மானியத்தை "இலவசப் பணம்" என்று கணக்கில் எழுதுவது பெரிய தவறு. மூன்று இடங்களில் அது பணம் பிடுங்கும்.

ஒன்று, பல மானியங்கள் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீதைக் காட்டிய பிறகுதான் வரும். அதுவும் முழுத் தொகை அல்ல, ஒரு பங்கு. கையில் ரொக்கம் இல்லாததால்தான் உதவி கேட்கிறீர்கள். திட்டமோ ரொக்கம் இருப்பவருக்குத்தான் பயன்படும். ஒப்புதல் வருவதற்கு முன்பே பொருளை வாங்கிவிட்டால் அந்த ரசீது செல்லாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. அவசரத்தில் இயந்திரத்தை வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கப் போகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டு, வரி. பிரிட்டனில் சுயதொழில் செய்வோருக்கு 2020-ல் தந்த வருமான உதவி மானியம் வரிக்கு உட்பட்ட வருமானமாகவே கணக்கிடப்பட்டது. வந்த தொகை முழுவதையும் செலவழித்தவர்களுக்கு அடுத்த வரிக் கணக்கில் அதிர்ச்சி காத்திருந்தது.

மூன்று, திருப்பிக் கேட்பது. 2020 மார்ச் இறுதியில் ஜெர்மனி ஓர் அவசர மானியத்தைத் தொடங்கியது. ஐந்து ஊழியர் வரை உள்ள தொழிலுக்கு மூன்று மாதத்துக்கு அதிகபட்சம் 9,000 யூரோ, பத்துப் பேர் வரை என்றால் 15,000 யூரோ. வேகமாக வந்தது, அதுவரை சரி. ஆனால் அது வாடகை போன்ற தொழில் செலவுக்கு மட்டும்தான், உரிமையாளரின் வீட்டுச் செலவுக்கு அல்ல. பின்னால் பல மாநிலங்கள் கணக்குக் கேட்டன. தேவைக்கு மேல் பெற்றதாகத் தெரிந்தவர்கள் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன.

கட்டணத்திலேயே நேரடியாகக் கழித்துத் தரும் உதவியும் மானிய வகைதான், அதில் அலைச்சல் மிகக் குறைவு. பிரிட்டனின் எரிசக்தி நிவாரணத் திட்டம் 2022 அக்டோபர் 1 முதல் 2023 மார்ச் 31 வரை தொழில் இணைப்புகளுக்கு நடந்தது. தனியாக விண்ணப்பம் கிடையாது. மின் நிறுவனமே பில்லில் குறைத்துக்கொடுத்தது. ஏப்ரலில் அதன் இடத்துக்கு வந்த திட்டம் இதைவிட மிகச் சிறியது. ஆறு மாத நிழலில் நின்றுகொண்டு விலையையோ மின் பயன்பாட்டையோ மாற்றாமல் இருந்தவர்களுக்கு ஏப்ரலில் வெயில் நேராக அடித்தது.

மானியம் யாருக்குப் பொருந்தும்? செலவு ஒருமுறை, அவசரம் குறைவு, கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கிறது, ரசீதுகள் ஒழுங்காக இருக்கின்றன என்றால் முதலில் இதற்குப் போங்கள். நாளை மறுநாளே பணம் வேண்டும் என்றால் இதை நம்பி உட்காராதீர்கள்.

## அரசே தரும் கடன்

பேரிடர் கடன்தான் இதில் பழைய வகை. அமெரிக்காவின் சிறுதொழில் நிர்வாகம் 1953-ல் தொடங்கப்பட்டது; வெள்ளம், புயல் வந்த பகுதிகளில் இன்றும் நேரடியாகக் கடன் தருகிறது. இதே அமைப்பு கொரோனா காலத்தில் தந்த பேரிடர் கடனுக்கு 3.75 சதவீத வட்டி, 30 ஆண்டுத் தவணை. கேட்கவே காதுக்கு இனிமை. முதல் 30 மாதம் தவணையே கட்ட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

அந்த 30 மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 3.75-ஐ இரண்டரை ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: முதல் தவணை கட்டும்போதே அசலில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் வட்டி சேர்ந்து நிற்கும். கட்டும் பணம் முதலில் அந்த வட்டிக்குத்தான் போகும்; அசல் குறைய நாளாகும். இன்னொன்று, 25,000 டாலரைத் தாண்டினால் தொழிலின் சொத்துகள் மீது அரசுக்குப் பிணை உரிமை. 2,00,000 டாலரைத் தாண்டினால் உரிமையாளரின் சொந்த ஜாமீன். இயந்திரமும் சரக்கும் ஒரு கடனுக்குக் கட்டுண்டு கிடந்தால், அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது பிணையாகக் காட்ட ஒன்றும் இருக்காது. 30 ஆண்டுக் கடனின் உண்மையான விலை அது.

ஒரு பகுதி தள்ளுபடி என்று சொல்லும் கடன்களும் உண்டு. கனடா 2020-ல் தந்த அவசரத் தொழில் கடன் நல்ல உதாரணம். 60,000 கனடா டாலர் வரை வட்டியில்லாக் கடன். குறித்த தேதிக்குள் 40,000 திருப்பினால் மீதி 20,000 தள்ளுபடி. தேதி இரண்டு தடவை தள்ளிப்போய், கடைசியாக 2024 ஜனவரி 18-ல் வந்து நின்றது. வங்கியில் மறுகடனுக்கு அதற்குள் விண்ணப்பித்திருந்தவர்களுக்கு மட்டும் சில வாரம் கூடுதல். தவறவிட்டவர்களுக்குத் தள்ளுபடி போயிற்று; முழுத் தொகையும் 5 சதவீத வட்டிக் கடனாக மாறியது. அதாவது அந்த 20,000 அரசு தந்ததல்ல, தேதி தந்தது. இந்த வகைக் கடன் வாங்கினால் தள்ளுபடித் தொகையைக் கடைசி நாள் வரை கடனாகவே கணக்கில் எழுதி வையுங்கள்.

பெரிய தொகை, நீண்ட காலம், ஒருமுறைச் சேதம், இனிமேல் வியாபாரம் பழையபடி ஓடும் என்ற நம்பிக்கை. இந்த நான்கும் சேர்ந்தால் நேரடிக் கடன் சரியான தேர்வு.

## உத்தரவாதக் கடன்

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். யாரும் அவர்களை ஏமாற்றுவதில்லை, சொல்லே ஏமாற்றுகிறது. "அரசு உத்தரவாதம்" என்றால் உங்களுக்கு உத்தரவாதம் என்று காதில் விழும். அது வங்கிக்கு. நீங்கள் கட்டாவிட்டால் வங்கியின் நட்டத்தை அரசு ஏற்கும். உங்கள் பாக்கி அப்படியேதான் இருக்கும்.

பிரிட்டனின் மீள்கடன் திட்டம் 2020 மே 4-ல் தொடங்கியது. 2,000 முதல் 50,000 பவுண்டு வரை, விற்றுமுதலில் 25 சதவீதத்துக்குள். முதல் ஆண்டு வட்டியை அரசு கட்டும், பிறகு 2.5 சதவீதம். வங்கிக்கு 100 சதவீத உத்தரவாதம். சொந்த ஜாமீன் கேட்கக் கூடாது. பணம் சில நாட்களிலேயே வந்தது. சுமார் 15 லட்சம் கடன்கள், ஏறத்தாழ 4,700 கோடி பவுண்டு. இவ்வளவு எளிதாகக் கிடைத்த கடனுக்கும் கடன்காரர்தான் 100 சதவீதம் பொறுப்பு என்பது விண்ணப்பத்திலேயே இருந்தது. பிறகு ஆறு ஆண்டுத் தவணையைப் பத்து ஆண்டாக நீட்டிக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

வேகம் இந்த வகையின் பலம். பலவீனம், வங்கிக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வேகம். இந்தியாவில் 2020 மே மாதம் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், அந்த ஆண்டு பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகத் தந்தார்கள். வட்டிக்கும் உச்சவரம்பு: வங்கிகளுக்கு 9.25 சதவீதம், நிதி நிறுவனங்களுக்கு 14 சதவீதம். நான்கு ஆண்டு, அதில் முதல் ஆண்டு அசல் கட்ட வேண்டாம். நல்ல திட்டம்தான். ஆனால் கடனே இல்லாமல் நேர்மையாகச் சொந்தக் காசில் தொழில் நடத்தியவருக்கு இருபது சதவீதம் என்றால் எதில் இருபது? பூஜ்ஜியத்தில். கடன் வாங்காதவர் என்பதே தகுதிக் குறைவாக மாறிய விசித்திரம் அது.

சாதாரண காலத்து உத்தரவாதத் திட்டங்களில் இன்னொரு செலவு உண்டு: உத்தரவாதக் கட்டணம். பிணை இல்லாமல் கடன் கிடைப்பதற்கு ஈடாக ஆண்டுதோறும் நிலுவையில் ஒரு சிறு சதவீதம். பொதுவாக வங்கி அதைக் கடன்காரர் தலையில்தான் வைக்கும். வட்டியோடு இதையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த கடனோடு ஒப்பிட வேண்டும்.

## கால அவகாசம்

வரியை அப்புறம் கட்டுங்கள், தவணையை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள் என்பது. இதை உதவி என்றே பலர் எண்ணுவதில்லை, கையில் எதுவும் வராததால். எனக்கோ ஐந்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. வெளியிலிருந்து பணம் வரக் காத்திருக்க வேண்டாம். வெளியே போகவிருந்த பணம் அப்படியே நின்றுவிடும். அதற்குமேல் வேகமான உதவி கிடையாது.

விலை என்ன என்பது இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் 2020 மார்ச் 20 முதல் ஜூன் 30 வரை கட்ட வேண்டிய மதிப்புக் கூட்டு வரியை 2021 மார்ச் 31 வரை வட்டியும் அபராதமும் இல்லாமல் தள்ளிவைக்க விட்டார்கள். பிறகு அதையும் 11 தவணை வரை பிரித்துக் கட்ட வழி வந்தது. கிட்டத்தட்ட வட்டியில்லாக் கடன். இந்தியாவில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைக்குத் தந்த அவகாசம் வேறு மாதிரி. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 மார்ச்சில்தான் கூடாது என்று முடிந்தது. நீதிமன்றம் விலக்கியது வட்டி மேல் வந்த வட்டியைத்தான், வட்டியை அல்ல. ஆண்டுக்கு 12 சதவீதக் கடனில் 100 பாக்கி என்றால் ஆறு மாதம் கழித்து 106. அவ்வளவு எளிய கணக்கு, ஆனால் அவகாசம் கேட்கும் நாளில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு நிபந்தனை மட்டும்: கெடு தாண்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். கெடுவுக்கு முன்பு கேட்டால் அதற்குப் பெயர் ஏற்பாடு. பின்பு கேட்டால் பாக்கிக்காரர்.

## சம்பள உதவி

இது மற்ற நான்கிலிருந்தும் தனி. செலவு கூடியதற்கு அல்ல, வரவு நின்றதற்கான மருந்து இது. ஆள் வேலையில் இருக்கிறார், வேலை இல்லை என்ற நிலைக்குப் பொருந்தும். ஜெர்மனியில் வேலை நேரம் குறைந்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை உள்ளவருக்கு 67 சதவீதம் தருகிறார்கள். அங்கே அது நிலையான ஏற்பாடு.

ஆஸ்திரேலியா 2020-ல் ஊழியருக்கு இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர் என்று தந்தது. முதலாளி முதலில் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். அரசு மாதக் கடைசிக்குப் பிறகுதான் திருப்பித் தரும். ஏப்ரல் சம்பளத்துக்கான பணம் மே மாதம் வந்தது. சிங்கப்பூர் எதிர்த்திசையில் போனது: சேமநிதிக்கு ஏற்கெனவே செலுத்திய கணக்கை வைத்து அரசே தொகையைப் போட்டுவிட்டது, விண்ணப்பமே கிடையாது. சம்பளத்தைக் கையில் கொடுத்துக் கணக்கில் காட்டாதவர்களுக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவின் சம்பளப் பாதுகாப்புக் கடனில் 60 சதவீதத்தைச் சம்பளத்துக்குச் செலவழித்தால்தான் முழுத் தள்ளுபடி. தொடக்கத்தில் அது 75. முதல் ஒதுக்கீடான 34,900 கோடி டாலர் 13 நாளில் தீர்ந்துபோனது.

## ஒரே பார்வையில்

| வகை | பணம் வரும் வேகம் | திருப்ப வேண்டுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மானியம் | பெரும்பாலும் மெதுவாக, செலவழித்த பிறகு | வேண்டாம், கணக்கு பொருந்தினால் | இடைக்காலக் கைமாற்று, வரி, திரும்பக் கேட்பது |
| நேரடிக் கடன் | சில வாரம், சில மாதம் | வேண்டும் | ஓடும் வட்டி, சொத்தின் மீது பிணை |
| உத்தரவாதக் கடன் | வங்கிக்குத் தெரிந்தவருக்கு வேகம் | முழுவதும் | உத்தரவாதக் கட்டணம் |
| அவகாசம் | உடனே | வேண்டும், மொத்தமாகச் சேர்ந்து | சேரும் வட்டி, ஒரே மாதத்தில் இரட்டைச் சுமை |
| சம்பள உதவி | இடத்துக்கு இடம் மாறும் | வேண்டாம், ஆளை வைத்திருந்தால் | முன்கூட்டிக் கொடுக்கும் சம்பளம், ஆட்குறைப்புக்குத் தடை |

## தொடக்கத்தில் சொன்ன மூன்று பேர்

இயந்திரம் நின்றுபோனவருக்குப் பதில் எளிது. வரி அதிகாரியிடமும் வங்கியிடமும் திங்கட்கிழமையே அவகாசம் கேட்டு, மிச்சமாகும் ரொக்கத்தில் பழுது பார்க்கட்டும். அது போதாவிட்டால் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே உத்தரவாதக் கடன். மின்சாரம் மிச்சமாகும் புதிய இயந்திரத்துக்கு மானியம் இருந்தால், ஒப்புதல் வரும் வரை எதையும் வாங்காமல் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது லாபமா என்று கணக்குப் போட வேண்டும். பெரும்பாலும் லாபமாக இருக்காது என்பது என் எண்ணம். மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் மானியத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

மின்கட்டணம் ஏறியவர் கடன் பக்கமே போகக் கூடாது. பில்லிலேயே கழியும் உதவி இருந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது முடியும் தேதியை நாட்காட்டியில் எழுதி வைத்துவிட்டு. அந்தத் தேதிக்குள் விற்கும் விலை மாற வேண்டும், அல்லது மின் பயன்பாடு குறைய வேண்டும். இரண்டும் முடியாத தொழிலைக் கடன் இன்னும் ஆறு மாதம் இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

வெள்ளம் வந்தவருக்குத்தான் உண்மையான குழப்பம், ஏனென்றால் ஐந்து வகையும் அவர் வாசலுக்கு வரும். தரகர்களும் வருவார்கள். "கடன் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் சிறுதொழில் கடன்களுக்கு நிதி தரும் அரசின் முத்ரா நிறுவனம் தனக்கு இடைத்தரகர்களே கிடையாது என்று தன் தளத்தில் எழுதி வைக்க வேண்டிய அளவுக்கு இந்த வியாபாரம் நடந்திருக்கிறது. அடுத்து காப்பீடு. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. அமெரிக்கப் பேரிடர் கடனில் காப்பீட்டுத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். கடன் வாங்கிய பிறகு காப்பீடு வந்தால் அது கடனை அடைக்கப் போகும். ஆகவே காப்பீட்டுக் கோரிக்கையை முதலில் போட்டுவிட்டு, அது வரும் வரைக்கான பாலமாக மட்டும் கடனைக் கேட்பது நல்லது. காப்பீடு இழுத்தடித்தால், "இன்னும் முடிவாகவில்லை" என்று அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்கி விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

இது எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் கழுவித் துடைக்கத்தான் கை போகும். துடைப்பத்தை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும், நனைந்த சரக்கையும், இயந்திரத்தின் வரிசை எண் தெரியும் பக்கத்தையும் தேதியோடு படம் எடுத்து, கடைக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அலைபேசியும் நனைந்துபோகும் பொருள்தான்.